கைதியின் சொல்லைக் கேட்காத கப்பல்!

276 உயிர்கள் - 14 நாள் புயல் - பைபிளில் ஒரு வசனம் சொல்லும் செய்தி

கிரேத்தா தீவின் தென்கரை. அங்கே ஒரு சிறிய துறைமுகம். ஒரு பெரிய பாய்மரக் கப்பல் நங்கூரம் பாய்ச்சி நின்று கொண்டிருந்தது.

கப்பல் நிறைய கோதுமை. அதோடு 276 பேர்.

மேலே போவதா? இங்கேயே தங்கி விடுவதா? இதுதான் கேள்வி.

போகலாம் என்றார் கப்பலை ஓட்டும் தலைவர். போகலாம் என்றார் கப்பலின் சொந்தக்காரர். கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோரும் அதையே சொன்னார்கள்.

வேண்டாம் என்றார் ஒருவர். போனால் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டும் அல்ல, உயிர்களுக்கும் சேதம் வரும் என்றார்.

அப்படிச் சொன்னவர் ஒரு கைதி!

கைதியின் பேச்சுக்கு என்ன மதிப்பு? கப்பல் புறப்பட்டது.

அந்தக் கைதிதான் பவுல். கத்தோலிக்கர்கள் அவரைச் சின்னப்பர் என்றும் அழைப்பது உண்டு. ஏசுநாதரின் செய்தியை நாடு நாடாகக் கொண்டு சென்ற அப்போஸ்தலர் அவர்.

இந்தக் கதை, பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூலின் 27-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை எழுதியவர் லூக்கா என்பது கிறிஸ்தவ மரபு. லூக்கா ஒரு வைத்தியர். "நாங்கள்" போனோம், "நாங்கள்" பயந்தோம் என்ற முறையில் கதை செல்கிறது. அதாவது, கப்பலில் கூடவே இருந்தவர் சொல்லும் கதை இது.

அந்த அதிகாரத்தில் 9-ஆம் வசனம் பலரைத் திகைக்க வைக்கிறது. நோன்பு நாள் கடந்து போய்விட்டது. ஆகையால் இனிமேல் கடலில் போவது ஆபத்து. இதுதான் அந்த வசனத்தின் கருத்து.

நோன்புக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? பட்டினி கிடந்தால் கடல் அமைதியாக இருக்குமா? நோன்பு முடிந்தால் புயல் வந்து விடுமா?

விடை எளிது. ஆனால் அந்த விடை தெரிந்தால்தான் கதை முழுவதும் விளங்கும்.

எந்த நோன்பு?

பவுல் யூத குலத்தில் பிறந்தவர். யூதர்களுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் பெரிய நோன்பு உண்டு. அதன் பெயர் பாவநிவாரண நாள். எபிரேய மொழியில் யோம் கிப்பூர் என்பார்கள். அன்று யூதர்கள் உண்ண மாட்டார்கள், பருக மாட்டார்கள். ஆண்டு முழுவதும் செய்த பாவங்களுக்காக மன்னிப்பு வேண்டுவார்கள். இன்றும் உலகம் எங்கும் உள்ள யூதர்கள் இந்த நோன்பை இருக்கிறார்கள்.

யூதர்களின் மாதங்கள் சந்திரனை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. திஷ்ரி என்னும் மாதத்தின் 10-ஆம் நாள்தான் இந்த நோன்பு. நம் நாட்காட்டியில் அது செப்டம்பர் மாதத்தின் பிற்பகுதியிலோ, அக்டோபர் மாதத்தின் முற்பகுதியிலோ வரும்.

ஆகவே, நோன்பு கடந்துவிட்டது என்றால் என்ன பொருள்? அக்டோபர் வந்து விட்டது என்று பொருள்!

லூக்கா தேதி சொல்லவில்லை. பண்டிகையைச் சொல்லிப் பருவத்தைக் குறிப்பிட்டார். படித்தவர்களும் படிக்காதவர்களும் பேச்சில் அப்படித்தானே சொல்கிறார்கள்? பண்டிகையின் பெயரைச் சொன்னால், வெயிலா மழையா என்பது தானே புரியும்.

பவுலின் இந்தப் பயணம் கி.பி. 59 அல்லது 60-ஆம் ஆண்டில் நடந்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். 59-ஆம் ஆண்டில் அந்த நோன்பு அக்டோபர் 5-ஆம் தேதி வாக்கில் வந்தது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கடலுக்குப் பூட்டு!

அக்டோபர் வந்தால் என்ன?

மத்தியதரைக் கடலில் கோடைக் காலம் முழுவதும் வானம் தெளிவாக இருக்கும். பாய்மரக் கப்பல்கள் தைரியமாக ஓடும். செப்டம்பர் பாதி கடந்தால் நிலைமை மாறும். மேகம் கூடும். காற்று திடீர் திடீர் என்று திசை மாறும். குளிர்காலத்தில் புயல் அடிக்கும்.

ரோமாபுரியைச் சேர்ந்த வெஜிடியஸ் என்பவர், பவுலுக்குச் சுமார் 300 ஆண்டுகளுக்குப் பிறகு போர்க்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் கடல் பயணத்துக்கு நாள் குறித்திருக்கிறார். மே மாதக் கடைசியில் இருந்து செப்டம்பர் 14-ஆம் தேதி வரையில் பயம் இல்லை. அதன்பிறகு நவம்பர் 11-ஆம் தேதி வரையில் ஆபத்து. நவம்பர் 11-ஆம் தேதி முதல் மார்ச் 10-ஆம் தேதி வரையில் கடலுக்கே பூட்டு!

புயல் மட்டும் அல்ல, இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் திசை காட்டும் கருவி கிடையாது. அது மத்தியதரைக் கடலுக்கு வந்தது 1,000 ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான். பகலில் சூரியனைப் பார்ப்பார்கள். இரவில் நட்சத்திரங்களைப் பார்ப்பார்கள். அதுதான் வழிகாட்டி. மேகம் மூடிவிட்டால், நடுக்கடலில் கண்ணைக் கட்டி விட்டது போலத்தான்.

பவுலின் கப்பல் கிரேத்தாவில் நின்றபோது, பயம் இல்லாத நாட்கள் கழிந்து விட்டன. ஆபத்தான நாட்கள் நடந்து கொண்டிருந்தன. பூட்டுப் போடும் நாள் நெருங்கி வந்தது.

அந்தச் சிறிய வசனத்துக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

கைதி ஆனது எப்படி?

பவுல் தர்சு நகரில் பிறந்தவர். கூடாரம் செய்வது அவருடைய தொழில். பிறப்பிலேயே ரோமாபுரியின் குடியுரிமை பெற்றவர்.

எருசலேம் கோவிலில் அவரை ஒரு கூட்டம் பிடித்துக் கொண்டது. மதத்துக்கு விரோதமாகப் போதிக்கிறார், கோவிலைத் தீட்டுப் படுத்தி விட்டார் என்பது குற்றச்சாட்டு. ரோமாபுரிச் சிப்பாய்கள் அவரைக் கூட்டத்திடம் இருந்து மீட்டுக் காவலில் வைத்தார்கள்.

கடற்கரைப் பட்டணமான செசரியாவில் 2 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். பெலிக்ஸ் என்ற கவர்னர் போய், பெஸ்து என்ற கவர்னர் வந்தார். வழக்கு முடியவில்லை. எருசலேமுக்குப் போய் விசாரணைக்கு நிற்கச் சம்மதமா என்று பெஸ்து கேட்டார். அங்கே போனால் உயிருக்கு ஆபத்து என்பது பவுலுக்குத் தெரியும். ஏற்கனவே அவரைக் கொல்லச் சதி நடந்திருந்தது.

என் வழக்கைச் சக்கரவர்த்தியே விசாரிக்கட்டும் என்று பவுல் கேட்டார். குடியுரிமை பெற்றவர் அப்படிக் கேட்டால், கவர்னர் மறுப்பது இல்லை. அப்போது சக்கரவர்த்தியாக இருந்தவர் நீரோ.

ஆகவே பவுலை ரோமாபுரிக்கு அனுப்பினார்கள். வேறு கைதிகளும் கூடப் போனார்கள். எல்லோருக்கும் காவல், யூலியு என்ற நூற்றுக்கு அதிபதி. சுமார் 100 சிப்பாய்களுக்குத் தலைவருக்கு அந்தப் பெயர். லூக்காவும், தெசலோனிக்கே ஊரைச் சேர்ந்த அரிஸ்தர்க்கு என்ற நண்பரும் பவுலுடன் சென்றார்கள்.

யூலியு இரக்கம் உள்ளவர். மறுநாள் கப்பல் சீதோனில் நின்றபோது, நண்பர்களைப் பார்த்து வரப் பவுலுக்கு அனுமதி கொடுத்தார்.

நேரம் போனது எங்கே?

ரோமாபுரி மேற்கே இருக்கிறது. கோடையில் அந்தக் கடலில் காற்று பெரும்பாலும் வடமேற்கில் இருந்து வீசும். அதாவது, எதிர்க்காற்று!

நேர் வழியில் போக முடியவில்லை. சீப்புரு தீவைச் சுற்றி, கரையை ஒட்டியே ஊர்ந்து சென்றார்கள். மீரா என்ற பட்டணத்தில் யூலியு கப்பல் மாற்றினார். எகிப்து நாட்டு அலெக்சந்திரியாவில் இருந்து கோதுமை ஏற்றிக்கொண்டு இத்தாலிக்குப் போகும் கப்பல் அங்கே நின்றது. எல்லோரும் அதில் ஏறினார்கள்.

கோதுமைக் கப்பல் என்றால் சாதாரணம் அல்ல. ரோமாபுரிக்குச் சோறு போட்டதில் எகிப்துக் கோதுமைக்குப் பெரிய பங்கு உண்டு. அகஸ்து சக்கரவர்த்தி காலத்தில், அந்த நகரில் சுமார் 2 லட்சம் பேருக்கு இலவசமாகத் தானியம் கொடுத்தார்கள். அதைச் சுமந்து வந்த கப்பல்கள் மிகப் பெரியவை. 100 ஆண்டு கழித்து அப்படி ஒரு கப்பலைப் பற்றி லூசியன் என்ற எழுத்தாளர் எழுதினார். அதன் நீளம் 120 முழம், சுமார் 180 அடி!

பெரிய கப்பல்தான். ஆனாலும் எதிர்க்காற்றில் என்ன செய்யும்? பல நாள் மெதுவாக நகர்ந்தது. காற்று தடுத்ததால் கிரேத்தா தீவின் தெற்குப் பக்கம் ஒதுங்கியது. வருந்தி வருந்தி ஓட்டி, "நல்ல துறைமுகம்" என்ற இடத்தைப் பிடித்தார்கள். அதே பொருள் உள்ள கிரேக்கப் பெயர் அந்த இடத்துக்கு இன்றும் வழங்குகிறது.

அங்கே காத்திருந்தார்கள். நாட்கள் கழிந்தன. நோன்பு நாளும் போயிற்று.

ஏன் புறப்பட்டார்கள்?

கப்பல் தலைவர் முட்டாள் அல்ல. சொந்தக்காரரும் முட்டாள் அல்ல. அவர்களுக்கும் கடல் தெரியும். அப்படி இருந்தும் ஏன் புறப்பட்டார்கள்?

ரோமாபுரிவரை போய்விடலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. குளிர்காலத்தை எங்கே கழிப்பது என்பதுதான் பிரச்சினை. பெயர்தான் நல்ல துறைமுகமே தவிர, குளிர்காலம் முழுவதும் தங்க அது வசதியான இடம் அல்ல என்று லூக்காவே எழுதுகிறார். அதே தீவில், மேற்கே சுமார் 40 மைல் தூரத்தில் பெனிக்ஸ் என்ற துறைமுகம் இருந்தது. அது வசதியானது. நல்ல காற்று வந்தால் ஒரே நாளில் போய் விடலாம்.

சொந்தக்காரருக்குச் சரக்கின் கவலை. 276 பேருக்குச் சிறிய இடத்தில் மாதக்கணக்கில் சாப்பாடு போடும் கவலை.

இன்னொன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்தான் ரோமாபுரியில் தானியப் பஞ்சம் வந்தது. ஜனங்கள் கிளாடியஸ் சக்கரவர்த்தியைச் சூழ்ந்துகொண்டு, ரொட்டித் துண்டுகளை அவர் மேல் எறிந்தார்கள்! அதன்பிறகு கிளாடியஸ் ஓர் அறிவிப்புச் செய்தார். குளிர்காலத்திலும் தானியம் கொண்டு வாருங்கள். புயலில் நஷ்டம் வந்தால் அரசாங்கம் ஏற்கும் என்றார். சரக்குக்கு நஷ்ட ஈடு உண்டு என்றால், வியாபாரிக்குத் துணிச்சல் வராதா?

உயிருக்கு நஷ்ட ஈடு கொடுப்பது யார்?

கைதிக்குக் கடல் தெரியுமா?

எதிர்ப்பக்கம் நின்றவர் பவுல். கூடாரம் தைக்கிறவருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று யூலியு நினைத்திருக்கலாம்.

உண்மை வேறு. பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், தாம் பட்ட துன்பங்களை வரிசையாகச் சொல்கிறார். மூன்று தடவை கப்பல் உடைந்து தப்பியிருக்கிறார்! ஓர் இரவும் ஒரு பகலும் கடல் நீரிலேயே கழித்திருக்கிறார்! அந்தக் கடிதம் இந்தப் பயணத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது.

ஆகவே நோன்பு கழிந்து விட்டது என்று அவர் எச்சரித்தது வெறும் பயம் அல்ல. பட்டு அறிந்தவரின் பேச்சு.

யூலியு கெட்டவர் அல்ல. பவுலிடம் அன்பும் வைத்திருந்தார். ஆனாலும் கப்பல் விஷயத்தில் கப்பல்காரர்கள் சொல்வதைத்தானே கேட்க வேண்டும்? அவர் கேட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

இளந்தென்றல் ஏமாற்றியது

ஒருநாள் தெற்கே இருந்து மெல்லிய காற்று வீசியது. இதுதான் சமயம் என்று நங்கூரத்தைத் தூக்கினார்கள். கரை ஓரமாகவே ஓட்டினார்கள்.

அந்த இடத்தில் சில மைல் போனதும் கரை வடக்கே திரும்பி விடுகிறது. அதுவரையில் தீவின் மறைவு உண்டு. அதைத் தாண்டினால் திறந்த கடல்.

திடீர் என்று மலைப்பக்கம் இருந்து ஒரு பேய்க்காற்று இறங்கியது. யூரோக்கிலிதோன் என்று அதற்குப் பெயர். வடகிழக்குக் காற்று. கிரேத்தாவில் சுமார் 8,000 அடி உயரமான மலை உண்டு. அந்த உயரத்தில் இருந்து காற்று கீழே பாய்ந்தால் கப்பல் என்ன ஆகும்?

எதிர்த்து நிற்க முடியவில்லை. காற்று போன போக்கில் கப்பலை விட்டு விட்டார்கள்.

கிலவுதா என்ற சின்னத் தீவின் மறைவில் சிறிது மூச்சு விட நேரம் கிடைத்தது. பின்னால் கட்டி இழுத்து வந்த படகைப் பாடுபட்டு மேலே ஏற்றினார்கள். கப்பலின் அடிவழியாக வடங்களைக் கொடுத்து இறுக்கிக் கட்டினார்கள். பலகைகள் பிளந்து விடாமல் இருக்க அது ஒரு வழி.

இன்னொரு பயமும் வந்தது. தென்மேற்கே, ஆப்பிரிக்காவின் லிபியாக் கரை ஓரம் சிர்த்து என்ற மணல் திட்டுகள் உண்டு. அங்கே போய்ச் சிக்கினால் கப்பல் மீளாது. அதற்குப் பயந்து பாய்களை இறக்கினார்கள்.

மறுநாள் சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் எறிந்தார்கள். மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களையும் எறிந்தார்கள்.

பல நாள் சூரியன் தெரியவில்லை. நட்சத்திரமும் தெரியவில்லை. எங்கே போகிறோம் என்று யாருக்கும் தெரியாது. பிழைப்போம் என்ற நம்பிக்கையே போய்விட்டது.

அப்போது பவுல் எழுந்து நின்றார். என் பேச்சைக் கேட்டு அங்கேயே தங்கி இருக்கலாமே என்று ஒரு வார்த்தை சொன்னார். அதோடு விடவில்லை. தைரியமாக இருங்கள், கப்பல்தான் போகும், உயிர் ஒன்றும் போகாது என்றார். கடவுளின் தூதர் இரவில் தோன்றி அப்படிச் சொன்னதாக அவர் கூறினார் என்று லூக்கா எழுதுகிறார்.

வடத்தை அறுத்த சிப்பாய்கள்

14-ஆம் நாள் இரவு. நள்ளிரவு நேரம். கரை நெருங்குகிறது என்று மாலுமிகளுக்குத் தோன்றியது.

ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தார்கள். 20 பாகம். ஒரு பாகம் என்றால் ஓர் ஆள் இரு கைகளையும் விரித்த நீளம், சுமார் 6 அடி. ஆகவே 120 அடி ஆழம். சற்றுத் தூரம் போய் மறுபடியும் பார்த்தார்கள். 15 பாகம். அதாவது 90 அடி. பாறையில் மோதி விடுவோம் என்று பயந்து, கப்பலின் பின்பக்கம் நான்கு நங்கூரங்களைப் போட்டார்கள். எப்போது விடியும் என்று காத்திருந்தார்கள்.

அந்த இருட்டில் மாலுமிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். முன்பக்கமும் நங்கூரம் போடப் போகிறோம் என்று சாக்குச் சொல்லிப் படகைக் கடலில் இறக்கினார்கள். உண்மையில் அவர்கள் தப்பி ஓடப் பார்த்தார்கள்!

பவுல் கவனித்து விட்டார். யூலியுவிடமும் சிப்பாய்களிடமும் சொன்னார். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் யாரும் பிழைக்க முடியாது என்றார். உண்மைதானே? விடிந்ததும் கப்பலைக் கரைக்கு ஓட்ட வேண்டும். அதைச் சிப்பாய்களா செய்வார்கள்?

இந்தத் தடவை யாரும் யோசிக்கவில்லை. கப்பல் தலைவரைக் கேட்கவில்லை. சொந்தக்காரரைக் கேட்கவில்லை. சிப்பாய்கள் வாளை எடுத்தார்கள். படகின் வடத்தை அறுத்தார்கள். படகு இருட்டில் போய்விட்டது.

நல்ல துறைமுகத்தில் கைதியின் பேச்சுக்கு மதிப்பு இல்லை. 14 நாள் கழித்து, அதே கைதி சொன்ன ஒரு சொல்லுக்குக் கப்பலின் ஒரே படகையே விட்டுவிட்டார்கள்!

விடியும் நேரத்தில் பவுல் எல்லோரையும் சாப்பிடச் சொன்னார். 14 நாளாக யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவரே ரொட்டியை எடுத்து, கடவுளுக்கு நன்றி கூறிப் பிட்டுச் சாப்பிட்டார். மற்றவர்களுக்கும் தெம்பு வந்தது. சாப்பிட்டார்கள். பிறகு மீதிக் கோதுமையைக் கடலில் கொட்டினார்கள். எந்தக் கோதுமைக்காகப் பயணம் தொடங்கியதோ, அது மீனுக்கு இரையாயிற்று.

யூலியு செய்த காரியம்

விடிந்தது. மணற்கரையுள்ள ஒரு குடா தெரிந்தது. நங்கூரங்களை அறுத்து விட்டு, முன்பாயை விரித்து, கரையை நோக்கி ஓட்டினார்கள். கப்பலின் முன்பக்கம் திட்டில் மோதிப் புதைந்தது. பின்பக்கம் அலையில் உடைந்தது.

அப்போது சிப்பாய்கள் ஒரு யோசனை செய்தார்கள். கைதிகள் நீந்தி ஓடி விட்டால் என்ன செய்வது? எல்லோரையும் வெட்டி விடலாம்!

இதுவும் காரணம் இல்லாமல் அல்ல. காவலில் இருந்த கைதி தப்பினால், காவல்காரன் தலை போகும். அதே அப்போஸ்தலர் நடபடிகள் நூலில், பேதுரு தப்பியதற்காக ஏரோது மன்னர் காவலாளிகளைக் கொல்ல உத்தரவிட்ட செய்தி இருக்கிறது.

யூலியு தடுத்தார். பவுலைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒருவருக்காக எல்லாக் கைதிகளும் பிழைத்தார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதிக்கட்டும், மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டு வரட்டும் என்று உத்தரவு போட்டார்.

276 பேரும் கரை ஏறினார்கள். ஒருவர் கூடச் சாகவில்லை.

அந்தத் தீவின் பெயர் மெலித்தா. இன்று மால்டா என்று வழங்கும் தீவு அதுதான் என்பது நெடுங்காலத்து மரபு. தீவு வாசிகள் நெருப்பு மூட்டி வரவேற்றார்கள். ஏன் நெருப்பு? மழையும் குளிருமாக இருந்தது என்கிறார் லூக்கா. நோன்பு கழிந்து சில வாரம் ஆயிற்று அல்லவா? கணக்குச் சரியாக வருகிறது!

மூன்று மாதம் அங்கேயே தங்கினார்கள். கடலின் பூட்டுத் திறக்கும் காலம் நெருங்கியதும், வேறொரு அலெக்சந்திரியக் கப்பலில் ஏறி இத்தாலிக்குப் போனார்கள். ரோமாபுரியில் பவுல் 2 ஆண்டு வாடகை வீட்டில் சிப்பாயின் காவலில் இருந்தார். வந்தவர்களுக்கு எல்லாம் போதித்தார்.

கணக்குப் போட்ட ஸ்காட்லாந்துக்காரர்

இந்தக் கதை நடக்கக் கூடியதுதானா என்று ஒருவர் சோதித்துப் பார்த்தார். அவர் பெயர் ஜேம்ஸ் ஸ்மித். ஸ்காட்லாந்து நாட்டவர். பாய்க்கப்பல் ஓட்டுவதில் தேர்ந்தவர். மால்டாவுக்குப் போய்த் தங்கி ஆராய்ந்து, 1848-ஆம் ஆண்டில் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

புயலில் பாய் இறக்கிய கப்பல் என்ன வேகத்தில் அடித்துச் செல்லப்படும் என்று அவர் மாலுமிகளைக் கேட்டார். 24 மணி நேரத்தில் சுமார் 36 மைல் என்று கணக்கு வந்தது. கிலவுதாவில் இருந்து மால்டாவுக்குச் சுமார் 475 கடல் மைல். வகுத்துப் பாருங்கள்: 13 நாளும் சில மணி நேரமும்!

லூக்கா சொன்னது 14-ஆம் நாள் இரவு.

மால்டாவின் வடக்கே, பவுலின் பெயரால் அழைக்கப்படும் குடாவுக்குப் பக்கத்தில் 20 பாகம், 15 பாகம் ஆழங்களும் லூக்கா சொன்ன முறைப்படியே இருப்பதாக ஸ்மித் எழுதினார்.

அந்தக் குடாவில் உள்ள சிறு தீவில் பவுலின் சிலை ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறது. பவுல் கப்பல் உடைந்து கரை சேர்ந்த நினைவாக, ஆண்டுதோறும் பிப்ரவரி 10-ஆம் தேதி மால்டாவில் பெருவிழா. அன்று அரசாங்க விடுமுறை.

வசனம் சொல்வது என்ன?

நோன்பு நாள் கடந்துவிட்டது. மேலோட்டமாகப் படித்தால் அது மதச் சடங்கைப் பற்றிய பேச்சாகத் தோன்றும். உண்மையில் அது ஓர் அபாய அறிவிப்பு. காலம் தப்பிவிட்டது, இனி அவசரப்படாதே என்ற எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கப்பல் தலைவருக்கும் நாள் கணக்குத் தெரியும். சொந்தக்காரருக்கும் தெரியும். ஆனால் வசதியான துறைமுகம் 40 மைலில் இருந்தது. காற்றும் இளந்தென்றலாக வீசியது. தெரிந்ததை மறக்க அது போதுமானதாக இருந்தது.

சொன்னவர் யார் என்று பார்த்தார்கள். கையில் விலங்கு தெரிந்தது. சொன்னது என்ன என்று பார்க்கவில்லை. அதைப் பார்க்க அவர்களுக்கு 14 நாள் புயல் தேவைப்பட்டது.

கப்பல் போயிற்று. கோதுமை போயிற்று. பெரிய மனிதர்களின் பேச்சைக் கேட்டதற்கு அது விலை.

276 உயிர்கள் மிஞ்சின. கடைசியிலாவது ஒரு கைதியின் பேச்சைக் கேட்டதற்கு அது பலன்.